பாதியைப் பாதி என்றே காட்டியவர்

மாரியூர் தகவல் மையத்தில் மீனவர்களுக்கான காலை வானிலை அறிக்கையை நான் ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டு மைக்கை அணைத்தபோது போன் வந்தது. காளீஸ்வரி அக்காவின் தம்பி. "அக்கா தவறிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். மஞ்சள்காமாலை என்று மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேறி வருகிறார் என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ராமநாதபுரத்தில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கடலோர மையங்களுக்கு அறிக்கை வந்து சேரும் வழியை அமைத்தவர் அவர்தான். அறிக்கையைத் தயாரிக்கும் சர்வர் ஒன்று. அதற்கு முன்னால் நின்று, வருவதை வாங்கி எங்களுக்குக் கைமாற்றும் சர்வர் இன்னொன்று. இந்த இரண்டாவதை ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பார். எங்கள் லைன் மெதுவானது. அதனால் முழு அறிக்கைக்கும் காக்க வைக்காமல், வரவர வரிவரியாக அனுப்பும்படி செய்திருந்தார்.

ஒரு நாள், காற்று மிதமாக இருக்கும் என்ற வரியோடு அறிக்கை முடிந்திருந்தது. திரையில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. வாசித்தேன், வள்ளங்கள் கடலுக்குப் போயின. பிற்பகலில் சூறைக்காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்ற மீதி வரிகள் வரவே இல்லை. அறிக்கை தயாரிக்கும் சர்வர் நடுவில் நின்றுபோயிருந்தது. எல்லோரும் எப்படியோ உயிரோடு கரை சேர்ந்தார்கள். ஆனால் எங்கள் ஊர் மீனவர் முனியசாமி அண்ணனின் வலது கை இரண்டு வள்ளங்களுக்கு இடையே நசுங்கிவிட்டது. அதன்பின் அவர் வலை இழுக்கவில்லை.

"போன் லைன் கோளாறுன்னு சொல்லிருங்க" என்றார் எங்கள் நிறுவனத்தின் மேலாளர். அக்கா கேட்கவில்லை. பஸ் ஏறி நேரே முனியசாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். நானும் கூடப் போனேன்.

"ஏத்தா, பாதிதான் வந்துச்சுன்னா அதைச் சொல்லத் தெரியாதா உங்க மிசினுக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"தெரியும்ணே. நாந்தேன் சொல்ல விடாமப் பண்ணிட்டேன். 'எல்லாம் சரி'ன்னு முதல்லயே சொல்லிட்டுத்தான் அது அனுப்ப ஆரம்பிக்கும். நடுவுல அந்துபோனா, சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. பக்கம் அசிங்கமாத் தெரியுமேன்னு, முடிஞ்ச மாதிரி மூடச் சொல்லி எழுதி வச்சிருந்தேன்."

 அண்ணனின் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியை அக்கா தொடவில்லை.

பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். முதல் வரி புறப்படும் முன்பே தவறு நேர்ந்தால் ப்ராக்ஸி மறுபடி கேட்டுப் பார்க்கும். புறப்பட்டபின் நேர்ந்தால், முடிந்ததுபோல மூடாமல் இணைப்பை அறுத்துவிடும். கடைசி வரி வந்து சேராத அறிக்கையை எங்கள் திரை அழித்துவிட்டு, 'முழுமையாக வரவில்லை, வாசிக்காதீர்கள்' என்று சிவப்பில் காட்டும். எங்கள் மையத்திலேயே உட்கார்ந்து, செல்போனில் ராமநாதபுரத்தைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே சர்வரை நடுவில் நிறுத்தச் சொல்லி, சிவப்பு வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இப்படிச் சிவப்பாத் தெரிஞ்சா, மையத்தைப் பாக்க வாரவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மேலாளர்.

"என்னவும் நினைக்கட்டும் சார். பாதியை முழுசுன்னு இனி ஒருநாளும் காட்ட மாட்டேன்."

அதன்பின் எத்தனையோ காலைகளில் சிவப்பு வந்தது. "இன்னும் தகவல் வரலை, பொறுங்க" என்பேன். ஆட்கள் மணலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஆனாலும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. இங்கே வரும்போதெல்லாம் முனியசாமி அண்ணன் வீட்டுக்குப் போவார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். அண்ணனின் கையைப் பார்க்காமலே பேசுவார்.

துக்க வீட்டுக்கு அண்ணனும் என்னோடு வந்தார். "நீங்க யாருய்யா?" என்று அக்காவின் தாயார் கேட்டார்.

"கடக்கரையில இருந்து வாரேன்த்தா. உங்க மக எங்க வீட்டுக்கு வந்து போற பிள்ளை" என்றார். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் சொன்னார்: "அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. கோவமான்னு அவுக கேக்கலை, இல்லைன்னு நானும் சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

உங்களிடம் சேர வேண்டிய சொல் அது, அக்கா. என் காதில்தான் விழுந்தது. அமைதியாகப் போய் வாருங்கள்.