வயலுக்குள் வளைவு வெட்டிய பிரதாபன்

உருத்திரபுரத்துப் பிரதாபனிடம் ஒரு நெல் வெட்டும் மிசின் இருந்தது, வாய்க்காலை ஒட்டி வயல் இருந்தது, குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்க்கும் மனைவி சிவதர்சினி இருந்தாள். நாற்பது வயதுவரை இவை போதுமாக இருந்தன. பிறகுதான் இத்தாலிக்காரர் மோட்டார் சைக்கிள் செய்யும் வீடியோக்களைக் கைத்தொலைபேசியில் பார்க்கத் தொடங்கினான். முதலில் சோற்றுக்குப் பின், அடுத்துச் சோற்றோடு, கடைசியில் சோற்றுக்குப் பதிலாக.

கொழும்பில் ஒருவர் ஓடி அலுத்துப்போன எண்ணூறு சீசீ இத்தாலிச் சைக்கிள் லொறியில் வந்து இறங்கியது. சிவப்பும் வெள்ளியும். வலப்பக்கம் மூன்று புகைக்குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. பின்சில்லை இடப்பக்கத்தில் ஒரேயொரு உலோகக் கைதான் பிடித்திருந்தது. பார்க்க வந்த சின்னராசா குனிந்து தடவிப் பார்த்தார். அவர் கமக்கார அமைப்பின் தலைவர், பிரதாபனின் மேல்வயல்காரர்.

"தம்பி, மற்றக் கை எங்க? வாற வழியில கழண்டு விழுந்திட்டுதோ?"

"இல்லையண்ணை, அது டிசைன். ரேஸில சில்லை டக்கெண்டு கழட்டி மாத்தலாம்."

"இஞ்ச பஞ்சர் ஒட்டுறவனே பின்னேரம்தான் கடை திறக்கிறான். அது சரி, ஓடிக்கொண்டு வராமல் ஏன் லொறியில ஏத்தினனீ?"

"கண்டி வீதி நேர் ரோட்டு அண்ணை. இது வளைவுக்கெண்டு செய்த சாமான்."

அதற்கான காரணத்தையும் சொன்னான். சுற்றுகிற சில்லு நிமிர்ந்து நிற்கத்தான் பார்க்கும், சாய மறுக்கும். மற்ற எஞ்சின்களில் உள்ளே சுழலும் கிராங்க் தண்டும் சில்லுச் சுற்றுகிற பக்கமே சுற்றி அந்தப் பிடிவாதத்தைக் கூட்டும். இதில் கிராங்க் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் பிடிவாதம் குறைகிறது. வளைவில் வண்டி இலகுவாகச் சாய்கிறது. இதைத் தேத்தண்ணிக்கடையில் சீனிப்போத்தலைச் சுற்றியும், கோயிலில் தேங்காயைச் சுற்றியும், ஒரு செத்தவீட்டில் வெறுங்கையைச் சுற்றியும் விளங்கப்படுத்தினான். சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் சகிக்க முடியவில்லை.

உருத்திரபுரத்தில் வளைவே கிடையாது. வீதிகள் வாய்க்கால்களோடு போகின்றன. வாய்க்கால்களை யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியிருக்கிறார்கள். சந்தி வந்தால் நிறுத்தி, காலை ஊன்றி, மாடு வருகிறதா என்று பார்த்துத்தான் திரும்ப வேண்டும். அதற்குள் எஞ்சின் சூடு தொடையை அவித்துவிடும். சிவதர்சினி ஒரேயொரு நாள் பின்னால் ஏறினாள். "இது சீற்றோ, தோசை திருப்பிற தட்டகப்பையோ?" என்று இறங்கி, தன் ஸ்கூட்டியில் கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

அந்த வருசம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடாததால் ஆவணியில் வயல் காய்ந்து கிடந்தது. பிரதாபன் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டும் ஜெயந்தனைக் கூப்பிட்டான்.

"கிணறோ அண்ணை, குளமோ?"

"வளைவு. இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு, திரும்ப இடப்பக்கம் ஒண்டு."

ஜெயந்தன் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மண்ணை வெட்டினான். நெல் விளைந்த நிலத்தில் வரம்பைவிட உயரமாக ஒரு பாம்பு நெளிந்து படுத்தது. அதன் முதுகில் கிரவல் சரளை கொட்டி றோலர் விட்டார்கள்.

ஓட்டத்தைப் பார்க்க ஊர் வரம்பில் வந்து நின்றது. முதல் வளைவில் பிரதாபன் தலையைத் திருப்பினான். கண் பார்த்த இடத்துக்கு வண்டி தானாகப் போனது. அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. தலைக்கவசத்துக்குள் சின்னப் பிள்ளைபோலக் கத்தினான். அந்த நேரம் அவனைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது வளைவும் அப்படித்தான் போனது. மூன்றாவதில் கிரவல் உருண்டது. கிராங்கை மறுபக்கம் சுற்றவைக்க யோசித்த இத்தாலிக்காரர் கிரவலைப் பற்றி யோசித்திருக்கவில்லை. வண்டி ஒரு பக்கமும் பிரதாபன் மறுபக்கமுமாகக் களிமண்ணில் போய்ச் சேர்ந்தார்கள்.

முழங்கைக்கு மருந்து கட்டும்போது சிவதர்சினி கேட்டாள்: "என்னப்பா, கிராங்க் பிழைச்சிட்டுதோ?"

"கிராங்க் பிழைக்கேல்லை. கிரவல்தான்."

"அப்ப இத்தாலிக்கு ஒரு காயமும் இல்லை. நல்லது."

ஐப்பசி மழை தொடங்கியது. சின்னராசாவின் வயல் தண்ணீர் எப்போதும் பிரதாபனின் வயலால்தான் வடிந்து போகும். இம்முறை வளைவுகள் அணைக்கட்டுப்போல மறித்து நின்றன. அவர் விதைத்து முளைவிட்டிருந்த நெல் தண்ணீருக்குள் அழுகியது.

கமக்கார அமைப்புக் கூட்டத்தில் பிரதாபன் எழுந்தான். மன்னிப்புக் கேட்பான் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தான். "இந்த எஞ்சின்ர டிசைனை நீங்கள் முதல்ல விளங்கிக்கொள்ள வேணும்..."

"இருடா தம்பி, எனக்கு விளங்கீட்டுது" என்றார் சின்னராசா. "எல்லாம் முன்னுக்குச் சுத்தேக்க உள்ளுக்க ஒண்டு மட்டும் பின்னுக்குச் சுத்தும். எங்கட அமைப்பில அது நீதான்."

கூட்டம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. அன்று பின்னேரமே ஜெயந்தனின் பெக்கோ தான் கட்டியதைத் தானே வெட்டியது. பிரதாபன் தன் விதைநெல்லில் பாதியைச் சின்னராசாவின் வாசலில் இறக்கிவிட்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் திரும்பினான். மிச்சத்தைப் பிந்தி விதைத்தான்.

அறுவடை முடிந்ததும் சைக்கிளைத் திரும்ப லொறியில் ஏற்றினான். ஜெயந்தன் ஓட்ட, மகியங்கனைக்கு மேலே உள்ள பதினெட்டு வளைவு மலைப்பாதைக்குப் போனார்கள். நல்ல தார், நல்ல வளைவு. முன்னால் ஒரு பஸ், கதிர்காமம் போய்த் திரும்பும் சனத்தோடு. முந்த இடமில்லை. அடிவாரம் தொடங்கி உச்சிவரை அதன் புகையைக் குடித்தபடி கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏறினான். மேலே போனபோது எஞ்சின் கொதித்தது, மழையும் பிடித்துக்கொண்டது. லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

கடையில் கேட்டவர்களுக்கு, "அதெல்லாம் வாயால சொல்லி விளங்காது" என்றான்.

"ஜெயந்தன் எல்லாம் சொன்னவன்" என்றார் சின்னராசா. "பஸ் நல்லா வளைஞ்சதாமே."

பிரதாபன் தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்து போனான். இப்போது மலைநாட்டுப் பக்கம் காணி விசாரிக்கிறான் என்று கேள்வி. சிவதர்சினியிடம் கேட்டால் அவள் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொல்கிறாள்: "நான் இடமாற்றம் கேக்கமாட்டன். வேணுமெண்டால் அவர் அந்த இத்தாலிக்காரியோட போய் இருக்கட்டும்."