கேமில் வரும் பனியன் என்னுடையது

பொங்கலூர்ப் பக்கம் மானாவாரிச் சோளக்காட்டிலிருந்து ஐந்தாம் வகுப்போடு திருப்பூருக்குக் கிளம்பி வந்தவன் நான். டைலர் தைத்துத் தள்ளுகிற பீஸை வாங்கி, நூல் வெட்டி, மடித்து அடுக்குகிற கைமடி வேலையில் சேர்ந்தேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் தைத்துப் பழகினேன். இரண்டு தடவை அடி வாங்கினேன். மூன்றாவது தடவை அதே முதலாளி என்னை அதே மிஷினில் உட்கார வைத்தார். அங்கிருந்து கட்டிங் டேபிள், அங்கிருந்து மாட்டுக்கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து இரண்டு பழைய மிஷின். இன்று அவிநாசி ரோட்டை ஒட்டி அறுபது மிஷின் ஓடுகிறது. கரண்ட் இல்லாத வருஷங்களைத் தாண்டினேன். சாயப்பட்டறைகளை மூடியபோது பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள், நான் வெள்ளை பனியன் மட்டும் தைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை தடவை துவைத்தாலும் இளகாத கழுத்துப் பட்டி, ரிப் என்போம், ஒன்று போட்டேன், அதைப் பார்த்து மூன்று கம்பெனிகள் போட்டன. என் சரக்கு ஒரே ஒரு தடவைதான் திரும்பி வந்தது, அதுவும் கப்பலில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதால்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், துணியைப் பற்றி நான் ஒன்று சொன்னால் அது வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். இத்தனையும் கட்டியவன் கடைசியாக இன்னொன்றும் கட்டினேன். அதை மட்டும் நான் கட்டவில்லை என்கிறார்கள். அது ஒரு வீடியோ கேமில் வருகிற பனியன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் மருமகள் சிரிக்கவில்லை. அவள்தான் எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் கேம் செய்திகள் பார்ப்பாள். எந்த கேம் வந்தது, எது சரியில்லை என்று தமிழில் பேசுகிற ஒரு பெண்ணின் சேனல் அது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் இதென்ன பழக்கம் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால், அந்தப் பெண் ஒரு கேமைப் பிரித்துப் பேசுவது அப்படியே நாங்கள் சரக்கை மேஜையில் விரித்துப் போட்டு ஓட்டை தேடுகிற மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்வதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் எங்கள் கம்பெனிக்குள் வந்தது அந்தச் சேனலால்தான். பனியன் ஊர் ஒன்றை கேமுக்குள் கட்டுகிறோம், ஒரு கம்பெனியை உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று ரோடு முழுக்கக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லா வாட்ச்மேனும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் கேட்டில் நின்றபோது மருமகள் பார்த்துவிட்டாள். அந்த ஆள்தான் அந்த கேம் கம்பெனியின் தலைவர், சேனலில் அவருடைய பேட்டி வந்திருக்கிறது என்று சொல்லி உள்ளே கூட்டி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். கூட வந்த பெண் கம்ப்யூட்டரில் துணி வரைகிறவர்.

கேமில் ஒருவன் வேலை தேடி ஊருக்கு வருகிறான். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறான், பேக்கரியில் டீ குடிக்கிறான், பனியன் கம்பெனியில் சேருகிறான். ஆறு இருக்கிறது, ஆற்றில் சாயக்கழிவு நுரைகூட வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நாள் ஆக ஆக அவன் போட்டிருக்கிற பனியன் பழசாக வேண்டும், பார்த்த உடனே இவன் இந்த ஊருக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரிய வேண்டும் என்றார் தலைவர். நல்ல யோசனைதான். ஆனால் அவர்கள் லேப்டாப்பில் காட்டியது வெறுமனே நிறம் மங்கிய பனியன். பலகையில் வெட்டி எடுத்த மாதிரி விறைப்பாக நின்றது. பனியன் அப்படியா பழசாகும்?

நான் சொன்னேன். நூலில் முறுக்கு இருக்கிறது. ஒற்றை நூலில் பின்னிய துணி தண்ணீரைக் கண்டதும் அந்த முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும். துணி ஒரு பக்கமாகச் சாயும். இடுப்புப் பக்கம் நேராக இறங்க வேண்டிய தையல், துவைக்கத் துவைக்கத் தொப்புளைப் பார்த்து நகரும். அது வராமல் இருக்கத்தான் நூலிலிருந்து, துணியை அழுத்திச் சுருக்குகிற காம்பாக்டிங் வரைக்கும் நாங்கள் உயிரைக் கொடுக்கிறோம். என் சரக்கில் அது வராது. ஆனால் விற்கிற சரக்கை நான் உடுத்துவதில்லை. செக்கிங்கில் கழித்துப் போட்டதைத்தான் இன்றுவரை உடுத்துகிறேன். அதனால் சட்டையைக் கழற்றிக் காட்டினேன்.

ஆமாம், அறுபது மிஷின் வைத்திருக்கிறவன், முன்பின் தெரியாத இரண்டு பேர் முன்னால் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். இடது தையல் வயிற்றுக்கு வந்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் லேபிள் உறுத்துகிறதென்று நான் வெட்டி எறிந்த இடத்தில் சிவப்பு நூல் இரண்டு இழை நின்றிருந்தது. அக்குளில் ஒரு ஓட்டை. எல்லாவற்றையும் எடுத்தார். போகும்போது தலைவர் ஒரு தாளை நீட்டி, "அய்யா, உங்க பேரை எழுதிக் குடுங்க, கேம்ல கடைசியா பேர் பட்டியல் வருமுங்க" என்றார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் நீட்டினார். கட்டிங் டேபிள்மேல் வைத்து, இனிஷியலோடு, நிதானமாக எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு தடவையும் வந்தார்கள். இப்போது பனியன் சாய்ந்திருந்தது, ஆனால் இரண்டு பக்கத்துத் தையலும் முன்னால் வந்து நின்றது. துணி ஒரே பக்கமாகத்தானே சுற்றும்? ஒன்று வயிற்றுக்கு வந்தால் மற்றது முதுகுக்குப் போக வேண்டும். அதையும் நான்தான் திருத்தினேன். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து மாற்றினார், திருப்பித் திருப்பிக் காட்டினார். அசல் என் பனியன். ஓட்டை உட்பட.

கேம் வெளியே வந்தது. முதல் வாரமே அந்தச் சேனல் பெண் அதைப் பிரித்துப் பேசினாள். ஊர் நன்றாக இருக்கிறது, டீக்கடைச் சத்தம் நன்றாக இருக்கிறது, எல்லாம் சரி. கடைசியில் பனியனைப் பெரிதாக்கிக் காட்டினாள். தையல் எங்கேயோ போய் நிற்கிறது, இவ்வளவு பெரிய பிழையைக்கூடக் கவனிக்காமல் எப்படி வெளியிட்டார்கள் என்று கேட்டாள். சொன்னது மட்டுமில்லை, சிரித்தாள். கீழே நூற்றுக்கணக்கில் பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். பனியனைத் தன் கையால் ஒரு தடவைகூடத் துவைக்காதவர்கள் எல்லாம் பனியனுக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

மறுநாள் கம்பெனி பதில் போட்டது. மருமகள் படித்துக் காட்டினாள். திருப்பூரில் ஒரு பெரியவர் சொன்னதை நம்பி அப்படிச் செய்துவிட்டோம், அடுத்த அப்டேட்டில் தையலை நேராக்கிவிடுவோம், மன்னிக்கவும்.

திருப்பூரில் ஒரு பெரியவர். அந்த கேம் முழுக்க ஒரே ஒரு இடத்தில் உண்மை இருந்தது, அதைத்தான் தப்பு என்றார்கள். தப்பு என்று சொன்னதும் அது என்னுடையதாகிவிட்டது. போன் போட்டேன். திட்டினாலும் பரவாயில்லை, தையலை மட்டும் நேராக்காதீர்கள் என்றேன். பார்க்கிறோமுங்க அய்யா என்று தலைவர் வைத்துவிட்டார்.

காப்பாற்றியது எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஒரு டைலர் தன் பனியனைப் போட்டோ எடுத்து, தையல் வயிற்றில் நிற்பதைக் காட்டி, இது பிழையில்லை, எங்கள் பொழப்பு என்று கீழே போட்டார். தென்மாவட்டத்திலிருந்து வந்து தைக்கிறவர்கள் போட்டார்கள், பீகார்க்காரன் ஒருவன் இந்தியில் எழுதிப் போட்டான். வரிசையாகப் பழைய பனியன்கள். பத்து நாள் கழித்து அந்தச் சேனல் பெண் ஒரு காரியம் செய்தாள். கடையில் மலிவான பனியன் வாங்கி, நாள்தோறும் துவைத்துக் காயப்போட்டு, தையல் நகர்வதைப் படம் பிடித்துக் காட்டினாள். நான் சிரித்தது தப்பு, இந்த வருஷம் நான் பார்த்த கேம்களில் இவ்வளவு நுட்பமான துணி வேறு எதிலும் இல்லை என்று நேராகச் சொன்னாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். சரக்கைத் தப்பாகக் கழித்துவிட்டு, தானே எடுத்துத் திரும்பவும் நல்ல சரக்கோடு சேர்க்கிற செக்கர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தையலை நேராக்குகிற பேச்சை கம்பெனி விட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் கூத்து. அதே சேனலில் தலைவர் பேட்டிக்கு வந்தார். இது எப்படி உங்களுக்குத் தோன்றியது என்று அவள் கேட்டாள். எங்கள் டீம் பனியன்களை வாங்கிப் பல மாதம் துவைத்து ஆராய்ச்சி செய்தது என்றார். பெரியவர் எங்கே போனார்? இரண்டு வாரம் முன்னால் பழியைச் சுமக்க இருந்தாரே, அதற்குள் காணாமல் போய்விட்டார்.

என் வீட்டுக்காரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு கேமும் தெரியாது, சேனலும் தெரியாது. பேட்டிக்கு நடுவே கேமைக் காட்டினார்கள்; அதில் வேலை தேடி வந்தவன் முதுகைக் காட்டி நடந்தபோது, "ஏனுங்க, இது உங்க பனியனாச்சுங்களே. இதத்தான நான் கரித்துணிக்குக் கிழிச்சேன்" என்றாள். அவ்வளவுதான், சாட்சி வேறு வேண்டுமா? கழுத்தில் அதே இரண்டு இழை சிவப்பு நூல்.

மருமகள் கேமை ஓட்டவிட்டுப் பெயர்ப் பட்டியலைக் காட்டினாள். நீளமாகப் போகிறது. படம் வரைந்தவர், சத்தம் சேர்த்தவர், கணக்குப் பார்த்தவர், கேம் செய்த சமயத்தில் அவர்கள் வீடுகளில் பிறந்த குழந்தைகள், ஆபீஸ் நாய். நாயின் பெயர் இருக்கிறது. நாய்மேல் எனக்குக் கோபமில்லை, அது குரைத்ததை கேமில் சேர்த்திருக்கிறார்களாம், செய்த வேலைக்குப் பெயர். என் பெயர் இல்லை. துணி என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதன் கீழே, துணி வரைந்த அந்தப் பெண்ணின் பெயர் மட்டும்.

மருமகள் சேனலுக்குக் கீழே நடந்ததை எழுதிப் போட்டாள். யாரோ ஒருவன், "அப்படியாங்க, அந்த கேம்ல வர்ற ஆத்தை வெட்டுனது எங்க அப்பாருதானுங்க" என்று பதில் போட்டான். அதற்கு நானூறு பேர் சிரிப்பு. அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "விடுங்க மாமா, நாப்பது வருஷமா வெளிநாட்டுக்காரன் லேபிளைத்தானுங்க தெச்சு அனுப்பறோம். அப்பெல்லாம் பேரு கேட்டீங்களா" என்றாள்.

கேட்கவில்லைதான். அதையும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் பனியனுக்கு உள்ளே யார் பெயரும் கிடையாது. பின்னியவன் பெயர் இல்லை, வெட்டியவன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கதி என்பதால் யாருக்கும் அவமானமில்லை. அங்கே அப்படியா? அங்கே எல்லோருக்கும் பெயர் உண்டு. தாளை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், நாய்வரைக்கும் எழுதிவிட்டு, ஒருவனை மட்டும் விடுவதற்குப் பெயர் மறதி இல்லை.

திரும்பவும் போன் போட்டேன். தலைவர் பதறவில்லை. "அய்யா, இது டீம் சேர்ந்து செஞ்ச வேலைங்க. தனியா ஒருத்தர் பேரைச் சொல்ல முடியாதுங்க" என்றார்.

"தப்புன்னாங்களே தம்பி, அன்னிக்கு உங்க டீம் எங்கீங்க போயிருந்துச்சு? அப்ப மட்டும் நான் தனியா இருந்தனுங்களா?"

அதற்கு, அடுத்த அப்டேட்டில் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு வரி போட்டுவிடலாம், திருப்பூர் நண்பர்களுக்கு நன்றி என்று இருக்கும் என்றார். அந்தப் பனியன் இப்போது கையில் இருக்கிறதா என்றும் கேட்டார். பாதி இருக்கிறது. மீதிப் பாதி அடுப்பங்கரையில் தேய்ந்துபோயிற்று. என்னிடம் இருப்பது தையலும் கழுத்தும் உள்ள பாதி. மஞ்சள் கறையோடு மடித்து ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து கேமில் வருகிறதோடு வைத்துப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் நூலை எண்ணிப் பார்க்கலாம்.

நன்றி எனக்கு வேண்டாம். நன்றி, வந்துபோன விருந்தாளிக்குச் சொல்வது. நான் சட்டையைக் கழற்றி நின்று வேலை செய்தவன். இரண்டு பக்கத் தையலும் முன்னால் வந்ததைத் திருத்தியவன். திருப்பூர் நண்பர்கள் என்று ஊரோடு சேர்த்துக் கரைத்துவிடவும் வேண்டாம். அடுத்த அப்டேட் வருகிறதாம், மருமகள் நாளைப் பார்த்து வைத்திருக்கிறாள். அதில் துணி என்ற தலைப்பின் கீழே, அந்தப் பெண்ணின் பெயருக்கு அடுத்து, என் பெயர் வர வேண்டும். நான் எழுதிக் கொடுத்தபடி, இனிஷியலோடு. தாள் அவர்களிடம்தான் இருக்கிறது.