பின்பக்கத்து வயர்

யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்றுபோவதற்கு முந்திய வருடம், தட்டச்சுக் கடையொன்றில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தேன். சரஸ்வதி பூசைக்குக் கம்ப்யூட்டரின் பின்பக்கமும் சந்தனம் பூச, அச்சு மெசினுக்குப் போகும் வயரைக் கழற்றினேன். ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஏதோ ஒன்றில் திரும்பச் செருகிவிட்டேன்.

மறுநாள் அச்சு வரவில்லை. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ரதி, மத்தியானம்வரை கறுப்புத் திரையில் டொஸ் (DOS) கட்டளைகளை மாற்றி மாற்றி அடித்தாள்.

"எல்லாம் சரியாய்த்தான் குடுத்திருக்கிறன். அக்கா, பின்னாலை வயரைத் தொட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"படிச்ச கெட்டிக்காரி, ஓடின மெசினைப் பழுதாக்கிப்போட்டாய்! நாளைக்கு வராதை" என்றார் முதலாளி. ரதி அழுதுகொண்டே போனாள்.

திருத்த வந்தவர் வயரை மற்ற ஓட்டைக்கு மாற்றினார். அச்சு ஓடியது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசல் கூட்டப் போனேன்.

எல்லோரும் என்னைக் கூச்சக்காரி என்பார்கள். அந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் எனக்குக் கூச்சம் வரவில்லை.