கொஞ்சம் ஆவி

“மூடியைத் திறங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே நில்லுங்க, மூச்சு விடாதீங்க!” என்று சொல்லிக்கொண்டே ஒரு காலை நாற்காலியிலும் இன்னொன்றைத் தரையிலும் ஊன்றி, கேமராவுக்குள் கண்ணை நுழைத்துவிடுகிறார் படக்காரர். மூச்சு விடக் கூடாது என்றது சமையல்காரருக்கா சட்டிக்கா என்று யாருக்கும் விளங்குவதில்லை. சமையல்காரர் பாவம், மூடியைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாக நிற்கிறார். சட்டியிலிருந்து வெள்ளையாக எழும்பும் ஆவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கி வளைகிறது. சடக். “போதும், மூடிடுங்க. ருசி போயிடும்.”

சாப்பாட்டைப் படம் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போவார். புதிதாகப் பலகை மாட்டும் ரொட்டிக் கடை, வறுத்த மீன் விற்கும் அக்கா தங்கை, எப்போதாவது ஒரு சமையல் பத்திரிகை. இந்தத் தொழிலில் ஆவிக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பஞ்சை நனைத்துச் சுடவைத்துத் தட்டுக்குப் பின்னால் ஒளித்தால், நேற்றைய சாப்பாடுகூட இப்போது இறக்கிய மாதிரி ஆவி பறக்கும். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “வர்றவங்க பஞ்சையா திங்கப் போறாங்க?” என்பார். அடுப்பங்கரைக்குள்ளேயே போய், கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகாவிட்டால் அவருக்கு அன்றைக்கு வேலை பார்த்த மாதிரியே இருக்காது. அவரிடம் எண்ணெய்க் கறை இல்லாத சட்டை ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுவும் கல்யாணங்களுக்கு மட்டும்.

கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ஆவி. “ஆவி வந்தாச்சு, சட்டியை ஏத்து!” என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கேட்ட ஒருவர் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியே போனதாக ஒரு கதை உண்டு. படக்காரரும் சும்மா இருப்பதில்லை. போனை எடுத்ததும், “ஆவி பேசறேங்க” என்றுதான் தொடங்குவார். எதிர்ப்பக்கம் புதிய ஆளாக இருந்தால் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இருக்காது. இந்தப் பெயரை யார் முதலில் வைத்தது என்று கேட்டால், “யாருக்குத் தெரியும், ஆவி எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாராவது கேப்பாங்களா?” என்று சமாளிப்பார். உண்மையில் அவருக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டில் வேறு பெயர். மனைவி அவரைக் கழுத்தறுப்பு என்பாள். பேசிப் பேசிக் கொல்கிறவர் என்பதற்காக இல்லை. அவர் நிஜமாகவே கழுத்தை அறுக்கிறவர். அவருடைய படங்களில் மாவு பிசைகிற கை இருக்கும், மீனைப் புரட்டுகிற கை இருக்கும், கோப்பையை ஏந்துகிற கை இருக்கும். தோள் இருக்கும். அதற்கு மேலே ஒன்றும் இருக்காது. “முகத்தைக் காட்டினா முகத்தைத்தான்டி பாப்பாங்க. அழகா இருக்காளா, வயசாயிடுச்சான்னு பாப்பாங்க. பசிக்கவே பசிக்காது” என்பது அவர் கட்சி. “இந்தத் தெருவுல ஒருத்தருக்காவது தலை வச்சிருக்கீங்களா?” என்பது அவள் கட்சி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது.

கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுவிடுவார். இதற்கு விதிவிலக்கே கிடையாது. அவசரக்காரக் கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் கண்டுகொள்ளாமல் மென்று முடித்து, கையைத் துடைத்து, அப்புறம்தான் வேலையைத் தொடங்குவார். இந்தப் பழக்கம் சூப்புக்கடை அக்கா போட்டது.

அப்போது அவர் ஒல்லியாக இருந்தார் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். கையில் யாரோ பயன்படுத்தி விற்ற பிலிம் கேமரா. வேலை கொடுக்க ஆள் இல்லை. ஒரு மழை நாளில், தெருமுனைச் சூப்புக்கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே பெரிய சட்டிக்கு மேல் எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்காரரின் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். “படம் பிடிக்க வந்தியா, பசிச்சு வந்தியா?”

“படம்தாங்க.”

“மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே. உள்ள வா. முதல்ல குடி, அப்புறம் எடு.”

அன்றைக்கு அவள் ஊற்றிக் கொடுத்த கையைத்தான் எடுத்தார். ஒரு பத்திரிகை அட்டையில் வந்தது. பிழைப்பு அந்தக் கையிலிருந்துதான் தொடங்கியது. அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இப்போதும் அவருக்கு அழுகை வரும், மறைக்க இருமுவது போல நடிப்பார். நனைந்த குடைகள் கதவோரம் சாய்ந்திருக்கும். ரேடியோ கொரகொரக்கும். பிலிம் தீரக் கூடாதே என்று ஒவ்வொரு படத்துக்கும் யோசித்து யோசித்து, அதற்குள் சூப்பு ஆறி, அக்கா திட்டிக்கொண்டே மறுபடி சுடவைப்பாள். “இவன் ஒரு படம் எடுக்கறதுக்குள்ள நான் ஒரு பந்தி பரிமாறிடுவேன்!” அவ்வளவு சந்தோஷமாகத் தன்னை அதற்குப் பிறகு யாருமே திட்டவில்லை என்பார்.

கடைக்காரர் அவருக்கு அண்ணன். கடைக்காரரின் மனைவி அக்கா. இதில் ஒரு சிக்கல் இருப்பது இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பார்த்தால்தான் தெரியும். “என்னை அண்ணேங்கறே, அவளை அக்காங்கறே. எங்க ரெண்டு பேருக்கும் முறை என்னடா ஆவறது?” என்று அண்ணன் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் மானத்தை வாங்குவார். “சூப்புக்கு முறை கிடையாதுண்ணே” என்று இவர் கோப்பையை நீட்டுவார்.

அந்த அக்கா போய்ச் சில மாதம் ஆகிறது. கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து, மகள் சட்டியை ஏற்றியதும் மறுபடி திறந்தது. திறந்த பிறகு ஒரு காலை அண்ணன் இவர் வீட்டுப் படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“அவ படம் ஒண்ணு வேணும்டா.”

“அதான் கடை முழுக்க மாட்டியிருக்கேனேண்ணே.”

“சுவர் முழுக்க அவ கைதான்டா இருக்கு. கையைப் பாத்து நான் என்னன்னு பேசறது?” என்றார் அண்ணன். “கல்யாணப் படத்துல குனிஞ்சுக்கிட்டிருக்கா, வகிடுதான் தெரியுது. அடையாள அட்டையில போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கா. பாப்பா போன்ல எடுத்ததுல எல்லாம் உள்ளங்கையை நீட்டி மறைச்சிருக்கா. உனக்கே தெரியுமே, கேமராவைக் கண்டாலே திரும்பிக்குவா. சிரிச்ச முகமா ஒண்ணு குடு. இத்தனை வருஷமா எங்க அடுப்படியிலேயே கெடந்தவன் நீ. உன்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட இருக்கப் போவுது?”

“தேடித் தர்றேண்ணே” என்றார். அண்ணன் படி இறங்கிப் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

இருந்தாலும் தேடினார். அலமாரிக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். அக்காவின் கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண்ணாடி வளையல் போட்ட ஒல்லிக் கை. மூடி சுட்ட தழும்போடு மணிக்கட்டு. கை பருத்ததும் மோதிரம் அடுத்த விரலுக்கு மாறியிருந்தது. வளையல் போய், கடைக் கணக்குச் சீட்டுகளைக் கட்டுகிற ரப்பர் பேண்டு மணிக்கட்டில் தங்கிவிட்டிருந்தது. அப்புறம் நரம்பு எழும்பிய கை. கடைசியாக எடுத்த படங்களில் ஒரு கரண்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கை கிழவியாகியிருந்தது, தான் கவனிக்கவே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு படத்திலும் தாடை கூடத் தெரியவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமான கேலி வாயில் வந்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

“நீ சொல்றது சரிதான்டி. நான் கழுத்தறுப்புதான்” என்றார்.

“வாயை மூடிக்கிட்டுத் தேடுங்க” என்று அவள் ஒரு பழைய நெகட்டிவ் உறையை இழுத்துக்கொண்டாள். கழிவு, உருப்படாதது என்று அவரே ஒதுக்கிக் கட்டிய கட்டு அது. ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவள், ஒரு துண்டில் நின்றாள். “இது யாருங்க, வெள்ளை முடியோட?”

வாங்கிப் பார்த்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, கறுத்த முடி வெள்ளையாகவும் வெள்ளை ஆவி கரிப்புகையாகவும் இருந்தது. படம் கோணியிருந்தது. சட்டியின் விளிம்பு மூலைக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு முகம், தலையைப் பின்னால் சாய்த்து, பல் எல்லாம் தெரிய.

அவ்வளவுதான், அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அண்ணன் வழக்கம்போல முறைக் கணக்கை எடுத்திருந்தார். மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பெண் எழுந்து வந்து, மிகக் கவலையாகக் கேட்டாள்: “அம்மா, அப்பாவுக்குத் தம்பின்னா சித்தப்பா. உனக்குத் தம்பின்னா மாமா. இவர் யாரு?” கடையே சிரித்தது. அவரும் சிரிக்க, கை ஆடி, கேமரா மேலே தூக்கிக்கொண்டு சடக்கென்று ஒரு பிலிம் வீணாயிற்று. போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டது கூட நினைவு வந்தது. அக்கா சிரிப்புக்கு நடுவிலேயே தீர்ப்பும் சொன்னாள்: “அவர் கெடக்காரு! இவன் எனக்குத்தான் தம்பி. மாமான்னே கூப்பிடு. எப்பப் பாரு ஆவி வேணும், ஆவி வேணும்னு நிக்கறானே... ஆவி மாமா!”

பெயர் வைத்தவள் அவள்தான். இதைப் போய் எப்படி மறந்தோம் என்று அவர் பாயில் உட்கார்ந்தபடியே அழுதார். இந்த முறை இருமவில்லை.

படம் போடக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். நெற்றியையும் ஒரு கண்ணையும் ஆவி மறைத்திருப்பதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, “கம்ப்யூட்டர்ல ஆவியை எடுத்துடலாண்ணே. அந்தக் கண்ணை அதுவே போட்டுடும். தெளிவா இருக்கும்” என்றார்.

அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. அண்ணன் கேட்டது முகம். இது முக்கால் முகம். அண்ணனிடம் அரைகுறையாக எதையாவது கொண்டுபோய் நீட்டுவதா? ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். “அது போடற கண்ணு எப்படிச் சிரிக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்? வேற யாரோ அக்கா மாதிரி வந்து நிக்கப் போறாங்க. வேணாம், உள்ளபடியே போட்டுக் குடுங்க” என்றார்.

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். கேமராப் பையும் கக்கத்தில் படமுமாக உள்ளே நுழைந்தவரை மகள் நிறுத்தி, பேசாமல் ஒரு கோப்பை சூப்பை முன்னால் வைத்தாள். குடித்தார். அப்புறம்தான் காகிதத்தைப் பிரித்து, அண்ணன் உட்கார்ந்திருந்த மேசையில் படத்தை வைத்தார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மேசை துடைக்கிற துணியை எடுத்து, உதறி, சுத்தமான மூலையைத் தேடிப் பிடித்து, படத்தின் நெற்றிப் பக்கத்தை மெதுவாகத் துடைத்தார்.

“அது அழுக்கில்லைண்ணே. ஆவி. துடைச்சா போகாது.”

“தெரியுதுடா” என்றார் அண்ணன். மறுபடியும் ஒரு முறை துடைத்தார். “சிரிக்கறா பாரு. என்னைப் பாத்துத்தான் சிரிக்கறா. அன்னிக்கு என்ன சொன்னேன் நான்?”

“முறை என்ன ஆவறதுன்னு கேட்டீங்கண்ணே.”

“ஆமா, கேட்டேன்” என்று அவர் படத்தைப் பார்த்தே தலையாட்டினார். “கேட்டேன்டி.”

இவரால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி அடுப்படிப் பக்கம் போனார். பழக்க தோஷம், கை தானாகப் பையிலிருந்து கேமராவை எடுத்தது. அதைப் பார்த்ததும் மகளும் பழக்கப்படி சட்டி மூடியைத் தூக்கினாள். ஆவி குபுகுபுவென்று எழும்பியது. கேமராவைக் கண்டதும் அவள் முகம், அம்மாவின் முகத்தைப் போலவே, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

“இவ்வளவு போதுமா ஆவி மாமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?”

அவர் அவள் கையிலிருந்த மூடியை வாங்கிச் சட்டியை மூடினார். குனிந்து அடுப்பை அணைத்தார். காற்றில் மிச்சமிருந்த ஆவியைக் கையால் விசிறிக் கலைத்துவிட்டு, “இங்க பாரு பாப்பா” என்று சொல்லி, அவள் திரும்பும்வரை கேமராவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.