உறைக்குள் எரிந்த சிவப்பு விளக்கு

தொண்ணூற்றேழாம் வருடம், ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றின் காலை. கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், கிணத்துக்கடவைத் தாண்டி வரும் ஓர் இறக்கத்தில் அது நடந்தது. இரண்டு வருடம் ஆகியும், பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

எங்களுக்குச் சிங்காநல்லூர். கணவருக்கு மில்லில் சூப்பர்வைசர் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒரே மகள், அப்போது கல்லூரியில் கடைசி வருடம்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அதற்கு ஓர் உறை போட்டுவிடுவேன். டி.வி.க்குத் துணி உறை, ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, மிக்ஸிக்குப் பூப்போட்ட உறை. ஜூன் மாதம் பள்ளி திறந்தால், என் வகுப்புப் பிள்ளைகளின் அட்டை சரியில்லாத நோட்டுகளை நானே வாங்கி, பழுப்புக் காகிதத்தை மடித்து அட்டை போட்டுக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் உறை போடாதது தன்னை மட்டும்தான் என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கு அதில் வருத்தமில்லை. தூசியும் கீறலும் பயமும் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த வருடம் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்கினோம். எங்கள் குடும்பத்தின் முதல் கார். கணவர் பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். டேஷ்போர்டின் குறுக்கே நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டை. வெயிலில் வெளுத்து, கீறல் விழுந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. அதன் இடது ஓரத்தில் மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, பட்டையோடு பட்டையாக ஒரு மங்கிய சிவப்புப் பொட்டு. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்:

"அது ஒண்ணுமில்லீங்க அம்மணி. எரிஞ்சா பாத்துக்கலாங்க."

எங்கள் பக்கத்து மரியாதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புரியும். எதிரில் இருப்பவர் பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லும் 'ஒண்ணுமில்லீங்க' அது. இங்கேயே பிறந்து வளர்ந்த நான்தான் அதை அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. இரண்டாவது வாக்கியம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

கார் வீட்டுக்கு வந்த வாரமே உக்கடத்தில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் ஒரு பாயின் கடைக்குப் போனேன். அந்தச் சமயத்தில் டேஷ்போர்டில் மர டிசைன் வினைல் ஒட்டுவது பெரிய நாகரிகம். தேக்கு மர வரி போட்ட வினைல் ஒரு மீட்டர் கேட்டேன். வண்டியைக் கொண்டுவந்தால் தானே ஒட்டித் தருவதாகச் சொன்னார். ஆயிரம் நோட்டுக்கு அட்டை போட்ட கை இது, நானே ஒட்டிக்கொள்வேன் என்றேன். அவர் என் கையையும் என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சுவிட்ச், பல்பு, ஓட்டை எது இருந்தாலும் அந்த இடத்தை பிளேடால் வெட்டித் திறந்து விட்டுவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை. பட்டையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, ஸ்கேல் வைத்து அளந்து, பின்தாளை விரல் அகலம் விரல் அகலமாக உரித்துக்கொண்டே ஒட்டினேன். குமிழி விழுந்த இடத்தில் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி, துணியால் நீவினேன். சுவிட்சுகளுக்கு வட்டம் வட்டமாக வெட்டினேன். இடது ஓரத்துச் சிவப்புப் பொட்டுக்கு வந்தபோது பிளேடு ஒரு நிமிடம் நின்றது. அங்கே ஒரு துளை போட்டால் தேக்கு வரி அறுந்து அசிங்கமாகத் தெரியும். வியாபாரியே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே. மேலேயே இழுத்து ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டேன்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நிஜத் தேக்குதானா என்று ஒருவர் தட்டிப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் இல்லை.

இதற்கு நடுவில் மகள் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். லைசென்ஸ் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பஸ், லாரி, ஆடு, மாடு, குழந்தைகள் என்று தினமும் ஒரு பட்டியல் படிப்பேன். கடைசியில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பொள்ளாச்சிக்குப் போகும்போது அவள் ஓட்ட வேண்டும். ஒழுங்காக ஓட்டிவிட்டால் அப்புறம் தனியாகவும் ஓட்டலாம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கக் கூடாது.

அன்று வியாழக்கிழமை. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டார்கள் என்பதால் எட்டு மணிக்கே கிளம்பினோம். மகள் ஓட்ட, கணவர் பக்கத்தில், நான் பின்சீட்டில். என் மடியில் ஒரு சீப்புப் பூவன் பழமும் சீர்த் தட்டும். உக்கடம் சிக்னலில் வண்டியை நிறுத்தும்போது மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பிரேக்கு கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்குதுங்ம்மா."

"அது ஒண்ணுமில்ல கண்ணு. உனக்குக் கால் பழகல" என்றேன்.

காரை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டத் தெரியாத நான்தான் இதைச் சொன்னேன்.

கிணத்துக்கடவு தாண்டியது. இருபுறமும் புளியமரம், அப்புறம் தென்னந்தோப்பு. அவள் அழகாக, நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கே சொல்வதற்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை. இறக்கத்தில் வண்டி இறங்கும்போது, கீழே சந்தைக்குப் போகும் மாடுகள் ஒரு கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. கூடவே கயிற்றைப் பிடித்தபடி இரண்டு பேர். மகள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. மறுபடி மறுபடி மிதிப்பது அவள் தோள் குலுங்குவதில் தெரிந்தது. கணவர் "பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி" என்று கத்தினார்.

மகள் கியரைக் கீழே இறக்கினாள். வண்டி உறுமிக்கொண்டு வேகம் குறைந்தது. ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல மேலே இழுத்தாள். மாடுகளுக்கு இருபது அடி இருக்கும்போது இடது பக்கம் ஒடித்தாள். அங்கே ஒரு நார்க் களம். ஆள் உயரத்துக்கு மேல் தேங்காய் மட்டை குவித்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குள் கார் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றது. மேலேயிருந்து மட்டைகள் தடதடவென்று கூரையில் விழுந்து ஓய்ந்தன.

யாருக்கும் அடி இல்லை. கணவரின் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. பூவன் பழம் முழுவதும் என் புடவையில்.

களத்தில் மட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அவர்களில் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க அம்மணி, மட்ட வேணும்னா கேட்டா நாங்களே ஏத்தி உடமாட்டமா? இப்படிக் காரோட வந்து அள்ளோணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் தெளிந்ததும் வந்தது கோபம்தான். அத்தனை பேர் நடுவில் மகளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாதவளுக்கு லைசென்ஸ் கொடுத்தவன் யார், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொட்டால் பார் என்று என்னென்னவோ சொன்னேன். கணவரும் தலையாட்டினார். ஒப்பந்தம் அங்கேயே கிழிந்தது. அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்:

"நான் மிதிச்சேனுங்ம்மா."

நான் நம்பவில்லை.

களத்தில் மட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் டிரைவர் அருகில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் துண்டு. காரைப் பின்னால் தள்ளச் சொல்லி பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவை விரலால் தட்டினார். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்து, பல நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது என்றார். அப்புறம் டப்பாவின் மூடியிலிருந்து போகும் ஒரு சின்ன வயரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆயில் கொறஞ்சா எரியறதுக்குத்தானுங்க இந்த வயர இழுத்திருக்காங்க. உள்ள செவப்பு லைட்டு எரியலீங்களா?"

அப்படி ஒரு விளக்கே இல்லை என்று கணவர் சத்தியம் பண்ணினார். டிரைவர் வயரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால், இடது ஓரத்தில் போய் முடிந்தது. வெளியே பார்த்தால் அழகான தேக்கு வரி.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானே முன்சீட்டில் போய் உட்கார்ந்து, வினைலின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அவ்வளவு பக்குவமாக ஒட்டியிருந்தேன், வரமாட்டேன் என்றது. டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒரு முழம் வினைல் சர்ரென்று உரிந்து கையோடு வந்தது.

கீழே அந்த மிளகுப் பொட்டு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

எத்தனை நாளாக எரிந்ததோ. நாங்கள் மார்க்கெட்டுக்குப் போனபோதும் கோயிலுக்குப் போனபோதும், அக்கம்பக்கத்தார் தேக்கைத் தட்டிப் பார்த்தபோதும் அது உள்ளே இருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் புடவையில் ஒட்டியிருந்த வாழைப்பழத்தைத் துடைத்துவிட ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் அழுதேன். மட்டையைச் சொல்லிக் கேலி செய்த அம்மாவே இளநீர் வெட்டிக் கொண்டுவந்து, "குடிங்க அம்மணி, அதான் ஒண்ணும் ஆகலீல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரைக் களத்தில் விட்டுவிட்டு, மட்டை லாரியிலேயே பொள்ளாச்சி போனோம். டிரைவர் மண்டப வாசலிலேயே இறக்கிவிட்டார். தலையெல்லாம் நாரும் தும்புமாகத் தாய்மாமன் லாரியிலிருந்து குதிப்பதைச் சம்பந்தி வீட்டார் வரிசையாக நின்று பார்த்தார்கள். எங்கள் நாத்தனார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

மீதி வினைலை எடுப்பது ஒட்டியதைவிடப் பெரிய பாடாக இருந்தது. நான் கத்தியால் சுரண்டிப் பட்டையில் புதுக் கீறல்கள் போட்டதுதான் மிச்சம். வெட்கத்தை விட்டு, கணவரை ஓட்டச் சொல்லி, உக்கடத்துக் கடைக்கே காரைக் கொண்டுபோனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பாய் சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து வினைல் மேல் வைத்து, அது இளகியதும் பட்டையை ஒட்டினாற்போலத் தாழ்வாக, மெதுவாக இழுத்தார். மேலே தூக்கி இழுத்தால் பசை தங்கிவிடுமாம். தங்கிய கொஞ்சம் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். முடித்துவிட்டுத்தான் பேசினார்:

"எங்க டீச்சரும் இப்படித்தான், எல்லா புஸ்தகத்துக்கும் அட்டை போட்டே ஆகோணும்பாங்க. போட்டப்புறம் எது கணக்கு, எது அறிவியல்னு தெரியாம மாத்திக் கொண்டுபோய் நான் அடி வாங்குனேன். லேபிள் ஒட்டோணுங்க டீச்சரம்மா, லேபிள்."

புது வினைல் வெட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இதைக் கேட்ட மகள் சும்மா இருப்பாளா? என் மேஜையிலிருந்து ஒரு நோட்டு லேபிளை எடுத்து, சிவப்பு விளக்குக்குக் கீழே ஒட்டிவிட்டாள். பெயர் என்ற இடத்தில் 'சிவப்பு விளக்கு'. பாடம் என்ற இடத்தில் 'பிரேக் ஆயில்'. வகுப்பு என்ற இடத்தில் 'அம்மா'. அந்த லேபிளுக்கு மட்டும் நான் உறை போடவில்லை.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள். கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறேன். பயம் போகவில்லை. களத்தில் கிழித்த ஒப்பந்தத்தை நானேதான் மறுபடி ஒட்டினேன், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் சில சாயங்காலங்களில் அவள் முகம் வாடி வருவாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்ம்மா" என்பாள். முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்னொரு முறை கேட்கிறேன்.