நாவலுக்கு மட்டும் அழுத டீச்சர்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பெண்கள் கூடி நாவல் பேசுவோம். ஒரு மாதம் பெரம்பலூர், மறு மாதம் அரியலூர். எங்களைப் பெரிய அறிவாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஆதார் கார்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துக் கொடுப்பதுதான் என் இலக்கியப் பணி.

கூட்டத்தை ஆரம்பித்தவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவர். அவர் பேசினால் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம்கூடக் காதில் விழும். அடுத்தது அவருடைய கூடப்பிறந்த தங்கை. அரியலூரில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே தையல் கடை நடத்துகிறாள். பஸ்ஸில் யாரோ ஒருவருடைய குழந்தை அழுதால் இவளும் சேர்ந்து அழுவாள். நான்காவது ஆள் அரியலூரில் வேலை பார்க்கும் நர்ஸ், வீடு ரெட்டிபாளையத்தில். நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். ஆனால் எடுத்த புத்தகத்தை உண்மையிலேயே படித்து முடித்துவிட்டு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டீச்சர், தங்கை, நான் மூவரும் ஊருக்குள் நிலம் வைத்திருந்த ஆட்களின் பிள்ளைகள். சிஸ்டரின் தாத்தா காலத்து ஆட்கள் அந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இன்றைக்கு அவர்கள் வீட்டில் ஒரு நர்ஸ், ஒரு இன்ஜினியர், ரயில்வேயில் ஒருவர். என் வீட்டில் ஒரு ஜெராக்ஸ் மெஷின். இதைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. பேசாததையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதம் எடுத்தது மிகப் பழைய காதல் நாவல். பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் கடைக்கே வந்து சண்டை போடுவார்கள். ஜமீன் வீட்டில் அக்கா, தங்கை இருவர். அக்கா ஒருவனை மனசுக்குள் விரும்புகிறாள். வெளியே ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கும்போது மணவறைக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறாள். தங்கையோ ஊர் பேர் தெரியாத பாட்டு வாத்தியாரை விரும்பி, அப்பாவோடு சண்டை போட்டு, மழையில் நனைந்து, காய்ச்சலில் படுத்து, பாதிப் புத்தகத்தை அழுதே ஓட்டிவிடுகிறாள்.

அரியலூரில், தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் தங்கை வீட்டில் பேச்சு நடந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்த அக்காவ நெனச்சா எனக்கு என்னையே பாக்கற மாதிரி இருக்கு. எவ்ளோ பொறுமை! எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டா பாத்தீங்களா?"

தன்னடக்கத்தைப் பற்றி டீச்சர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"எனக்குத் தங்கச்சியதான்க்கா புடிச்சிது" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வேணும்னா வேணும்ங்கறா. அழுவுணும்னா அழுவுறா. ஒங்க அக்காக்காரி வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா கத பத்தாம் பக்கத்துலயே முடிஞ்சிருக்கும்."

"ஒனக்கு அழுதா போதும்" என்றார் டீச்சர். ஆனால் பாட்டு வாத்தியாரை விரட்டியடித்த அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவரே கண் கலங்கிவிட்டார். "மனுசனா அவன்? பெத்த பொண்ணோட மனசவிட அவனுக்குக் கொலம் பெருசாப் போச்சு. படிச்சி முடிச்சிட்டு ராத்திரி சாப்புடவே முடியல எனக்கு."

சிஸ்டர் பக்கம் திரும்பினேன். "நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல இருக்கற அப்பாவத் திட்டறது சுலபம்ங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவது எங்களுக்கு நன்றாக வரும்.

அடுத்த கூட்டம் பெரம்பலூரில், டீச்சர் வீட்டில். அதற்கு முதல் நாள் அவருடைய ஒரே மகள், திருச்சியில் வேலை பார்ப்பவள், ஊருக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கூடப் படித்த பையன். இப்போது ஆலத்தியூரில் சிமெண்டு பேக்டரி ஒன்றில் இன்ஜினியர். சிஸ்டருடைய அண்ணன் மகன்.

டீச்சர் கூட்டத்தை ரத்து செய்யவில்லை. 'வழக்கம்போல் கூட்டம் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் போட்டார். எதுவும் தெரியாமல் பிஸ்கட் பாக்கெட்டோடு போய் இறங்கினேன். பெண் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். தங்கையும் சிஸ்டரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் முகமும் சரியில்லை. டீச்சர் மட்டும் சிரித்தபடி காபி கொண்டுவந்தார்.

எனக்கு எவர்சில்வர் டம்ளர். தங்கைக்கு எவர்சில்வர் டம்ளர். சிஸ்டருக்குப் பேப்பர் கப்.

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் சிஸ்டர் எங்களோடு அதே டம்ளரில்தான் குடித்திருக்கிறார். வீட்டில் டம்ளருக்குப் பஞ்சமும் இல்லை, அலமாரி நிறைய அடுக்கியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சிஸ்டர் கப்பை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த நல்லாசிரியர் கேடயத்தைப் பார்த்தேன்.

தங்கை தன் டம்ளரை அப்படியே தரையில் வைத்தாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கும் பேப்பர் கப்லயே குடுக்கா" என்றாள்.

"ஏன்டி?"

"புதுசா வாங்கிருக்கல்ல. எல்லாருக்கும் குடு."

டீச்சரின் பொறுமை அந்த இடத்தில் முடிந்தது. தன்னடக்கம் என்ன வேகத்தில் கத்தும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். "எல்லாம் கூட்டு சேந்துக்கிட்டு எம் பொண்ணக் கெடுத்துட்டீங்க! புஸ்தகம் படிக்க வரேன் வரேன்னு வந்து..." என்று சிஸ்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

சிஸ்டர் காபியை முழுக்கக் குடித்து முடித்துவிட்டே எழுந்தார். "டீச்சர், பையன் அவன் வாயால என்கிட்ட சொன்னதே நேத்துதான். ஒங்களப் பாத்து மரியாதையா பேசிட்டுப் போவலாம்னு வந்தேன். பேச வேண்டியதில்லன்னு தெரிஞ்சிபோச்சி. வரேங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தங்கை உள் அறைக் கதவைத் தட்டினாள். "துணி எடுத்துக்க. சித்தி வூட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான். சாயங்கால பஸ்ஸிலேயே பெண் அரியலூர் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். சினிமா பார்க்கப் போனால் டைட்டில் போடும்போதே அழுகிற அந்தத் தங்கை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கட்டின புருஷனிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மூணு வேளையும் ஓட்டல் சோறா, சமைக்கத் தெரியுமா?" என்று விசாரித்தாள். பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தாள். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் போட்டிருந்த நாட்களில் சொந்தக்காரர்கள் யார் யாரோ வந்து வாசலில் நின்று சத்தம் போட்டபோது, அளவு எடுத்துக்கொண்டிருந்த டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வெளியே வந்து, "பொண்ணு மேஜரு. போலீசக் கூப்புடுறதா இருந்தா நானே போன் போட்டுத் தரேன்" என்றாள். அவர்கள் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை.

கல்யாணத்தன்று சிஸ்டர் அழுதார், பெண் அழுதாள், நானும் அழுதேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த தங்கை, "அழுவுறத அப்பறம் வச்சிக்கலாம், ஆபீசர் சாப்புடப் போயிடுவாரு" என்று எங்களை அதட்டினாள்.

டீச்சர் வரவில்லை. மெடிக்கல் லீவு போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாவலில் தங்கைக்காரிக்கு வந்த அதே காய்ச்சல்தான். தர்மாமீட்டருக்கு மட்டும் அது தெரியவில்லை. பார்க்கப் போன என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருக்கு என்ன பாவம் பண்ணுனேன்?" என்று கேட்டார். கேள்விதானே என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே அழ ஆரம்பித்துவிட்டார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் தினமும் காலையில் பொறுமையைப் பற்றி ஒரு பொன்மொழி, ரோஜாப்பூப் படத்தோடு.

மழைக்காலம் முடிந்தபோது அவர் எழுந்துவிட்டார். மகளிடம் போனில் பேசுகிறார். மருமகனை 'அவுங்க' என்கிறார். "அவுங்க சாப்ட்டாங்களா?" என்று கேட்பதோடு சரி. போன பொங்கலுக்கு இருவரும் வந்தபோது மருமகனுக்கு வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார் என்று பெண் சொன்னாள். எவர்சில்வரே போதும் என்று பையன் சொல்லிவிட்டானாம்.

கூட்டமும் மறுபடி நடக்கிறது. டீச்சர் மனித நேயம் பற்றிப் பேசுகிறார், முன்னைவிட நீளமாக. சிஸ்டர் வருவதில்லை. "சிஸ்டர் ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று ஒருநாள் டீச்சர் கேட்டார், யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல. "நீ கூப்ட்டியா?" என்றாள் தங்கை. டீச்சர் பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சிஸ்டரைப் பார்த்தேன். கையில் பை நிறையக் காய்கறி. ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் பையனும் சாப்பிட வருகிறார்கள் என்றார். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. கூட்டத்தில் இப்போது என்ன ஓடுகிறது, அடுத்து எந்த நாவல் என்று விசாரித்தார். சொன்னேன். தயங்கித் தயங்கி, "நீங்களும் வரலாமே சிஸ்டர். டீச்சர்கூடக் கேட்டாங்க" என்றேன்.

அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நானும் கேட்டதா சொல்லுங்க. வரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."