ராகுகாலத்துக்கு முன் எழுதிய இருபது போர்டுகள்

திறந்த மூல ரூட்டர் மென்பொருளில் புதுப் போர்டு (ரூட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை) ஒன்றைச் சேர்ப்பது மந்திர வேலை இல்லை. அதன் நினைவகமான ஃபிளாஷ் சிப் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, எந்த எல்.இ.டி எந்த இணைப்புக் காலில் இருக்கிறது என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். தென்காசியில் எங்கள் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து மூன்று வாரம் எழுதினேன். போர்டு பூட் ஆனதும் ஆலங்குளம் வரைக்கும் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிப்பில் ‘ஃபேக்டரி’ என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. அந்தந்தப் போர்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியும், சிக்னலைச் சரியாக அனுப்பவைக்கும் வைஃபை காலிபரேஷனும் அதில்தான் இருக்கும். அழிந்தால் போனதுதான். முதலில் அதை பேக்கப் எடுக்க வேண்டும். போர்டுக்கு நான்கு நிமிடம்; அதன் பிறகு எழுத இன்னும் மூன்று.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலாளி, ஒரு லாட்ஜுக்காக வந்திருந்த அதே மாதிரி இருபது போர்டுகளுக்குச் சந்தனம் வைத்தார். சூடு தணிக்கும் ஹீட்சிங்கைக்கூட விடவில்லை.

“ஏலே, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள இருபதையும் எழுதி முடி. குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டு, லாட்ஜ்காரர் காத்துக்கிட்டு இருக்காரு.”

“அண்ணாச்சி, ஒவ்வொண்ணா பேக்கப் எடுக்கணும்.”

“எல்லாம் ஒரே போர்டுதானலே!”

தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் தெரிந்தே செய்தேன். என் டெஸ்ட் போர்டின் சிப்பில் இருந்ததை, ஃபேக்டரி பகுதியோடு முழுசாகக் காப்பி எடுத்து, இருபதிலும் அப்படியே எழுதினேன். பத்து இருபதுக்கு முடிந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். “சிக்னல் நெறையக் காட்டுது, ஒண்ணும் ஓட மாட்டேங்குது. ரூம்ல தங்குதவங்க எங்களப் போட்டு ஏசுதாங்க.”

“சாரல் பட்டிருக்கும்லே,” என்றார் முதலாளி.

சாரலாம்! இருபது ரூட்டரும் ஒரே மேக் முகவரியைச் சொல்லிக்கொண்டு ஒன்றையொன்று கவிழ்த்துக்கொண்டிருந்தன. நேரில் போய் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முகவரி கொடுத்தேன். இணையம் ஓடியது. ஆனால் காலிபரேஷன் திரும்பி வராதே. வராந்தாவில் பாதித் தூரம் தாண்டினால் சிக்னல் செத்துவிடும். சீசன் முழுக்க மேனேஜர் ஏச்சு வாங்கினார்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வியாழக்கெழம வச்சிருக்கணும்லே,” என்றார். இவரிடம் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

அவர் சொன்னார் என்பது சமாதானம் ஆகாது. எழுதும் கிளிப்பைச் சிப்பில் மாட்டியது என் கை. மென்பொருள் குழுவுக்கு அந்தப் போர்டுக்காக நான் எழுதிய ஃபைலைப் பேட்சாக அனுப்பியபோது, நிறுவும் முறையின் முதல் வரியாக ‘ஃபேக்டரி பகுதியை பேக்கப் எடுக்காமல் எதையும் எழுதாதீர்கள்’ என்று சேர்த்தேன். அதைச் சரிபார்த்தவர் முகம் தெரியாத யாரோ. “நல்ல முன்யோசனை” என்று பாராட்டிப் பேட்சைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பாராட்டை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். இருபது போர்டைக் கெடுத்த பிறகு எழுதிய வரி அது என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.